உடம்பின் ஞாபகம்

நார்த்தாமலை, திருவப்பூர், கொன்னையூர் என்று புதுக்கோட்டைச் சீமையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாரியம்மன் இருக்கிறாள். ஒரு காலத்தில் ஜனங்களுக்கு அவளிடம் பக்தி எவ்வளவோ அவ்வளவு பயமும் இருந்தது. வைசூரி கண்ட வீட்டில் 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்பார்கள். வியாதி என்று சொல்ல வாய் வராது. வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டால் அண்டை வீட்டார்கூட எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கூசாமல் போய்வந்தவள் ஒருத்தி எங்கள் குடும்பத்தில் இருந்தாள். என் பாட்டியின் தமக்கை. சிறு வயதில் அம்மை வார்த்து, முகமெல்லாம் தழும்பு. அந்த முகத்துக்கு மாப்பிள்ளை அமையவில்லை. ஆனால் ஊரில் யாருக்கு அம்மை கண்டாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். "என்னையத்தான் ஆத்தா ஒரு தடவை பாத்துட்டாளே, இன்னும் எதுக்கு வரப்போறா?" என்பாளாம்.

அவள் சொன்னது சரிதான். பார்த்து வைத்துக்கொண்டது ஆத்தா அல்ல, உடம்பு, அவ்வளவுதான் வித்தியாசம். கிருமி உள்ளே நுழைந்ததும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, யார் எவர் என்று விசாரிக்காமல் அதை விழுங்கப் பார்க்கிறது. அது போதாதபோது வேறு சில அணுக்கள் கிருமியின் ஜாடையை அறிந்து, அதற்கென்றே பொருந்தும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன. இன்னும் சில, கிருமி குடியேறிய அணுக்களையே தேடி அழிக்கின்றன. முதல் தடவை இதற்கெல்லாம் நாட்கள் பிடிக்கும். அந்தக் கெடுவுக்குள்தான் வைசூரி பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோயிற்று. பிழைத்தவர் உடம்பிலோ, பாடம் கற்ற அணுக்கள் சில பல்லாண்டுக் காலம் தங்கிவிடுகின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் தாமதம் இல்லை.

முகத்தை விலையாகக் கொடுக்காமல் இந்தப் பாடத்தைப் படிக்க வழி காட்டியவர் ஜென்னர் என்ற ஆங்கில வைத்தியர். 1796-ல் அவர் மாட்டம்மைப் பாலைக் குத்திப் பார்த்தார். சாதுவான பங்காளியைக் காட்டிக் கொடியவனின் ஜாடையைக் கற்பிக்கும் வித்தை அது. பிற்பாடு நம் பக்கத்துக்கு வேண்டிய அம்மைப்பால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாராயிற்று. என் தாயாரின் கையில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒரு சங்கடம்: இந்த ஞாபகம் பிதுரார்ஜிதமாக வருவதில்லை. தாய், கர்ப்பத்திலும் தாய்ப்பாலிலும் கொஞ்சம் எதிர்ப்பொருளைக் கடன் கொடுக்கிறாள். சில மாதங்களில் அது தீர்ந்துவிடும். பிறகு பண்டிதர் பிள்ளையும் அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் குத்தினார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் வைசூரி இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

என் கையில் இருப்பது காசநோய்க்காகப் போட்ட பி.சி.ஜி. வடு ஒன்றுதான். வைசூரியைப் பற்றி என் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. தெரியவேண்டிய அவசியம் இல்லாமல் போனதே பெரிய பாக்கியம். ஆனால், "அந்த வியாதிகளைத்தான் காணோமே, குழந்தைக்கு ஊசி எதற்கு?" என்று கேட்கிற படித்தவர்களை இப்போது சந்திக்கிறேன். ஏன் காணோம் என்பதை உடம்பு சொல்லாது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

பெரிய பாட்டி கடைசிவரை போட்டோ எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.