மிலாறு அடுப்பில் மரத்தக்காளி

இறம்பொடையில் வத்தல் காயாது. வைகாசியில் பிடிக்கும் மழை ஆவணி வரை விடுவதில்லை; மழை ஓய்ந்த நேரத்தில் பனிமூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஊருக்குத்தான் புதுக்கோட்டை, திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கத்துச் சனம் முதலில் காப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் வந்து சேர்ந்தது. வெயிலை நம்பியே மிச்சம் பிடித்துப் பழகிய சனம். விளைச்சல் கூடினால் சுண்டைக்காய், கொத்தவரங்காய், கத்தரிக்காய் என்று கூரையில் பரப்பிவிடுவார்கள். மோரில் ஊறிய மிளகாய் நாலு வெயில் கண்டால் வருஷம் முழுக்கக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். அந்தக் கைப்பழக்கம் இங்கே தை, மாசி மாதங்களில் மட்டும் கொஞ்சம் செல்லுபடியானது. மற்ற மாதங்களில் பூஞ்சணம்தான் பூத்தது.

பிறகு கண்டுபிடித்த வழி அடுப்புக்கு மேலே கட்டிய பரண். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுதான் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் விறகு. அதன் புகையில் மிளகாயும் கருவாடும் கருத்துக் கிடக்கும். வெயில் செய்த வேலையைப் புகை செய்தது. இதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. புரியாமல் கிடந்தது எங்கள் வீட்டு ஜாம்.

அம்மா கொழுந்துக்குப் போனவர். அவருடைய அம்மாவும் கொழுந்துக்குப் போனவர்தான். அப்படியிருக்க, லயத்துக் காம்பராவின் பின்னால் நின்ற மரத்தக்காளி கொத்துக்கொத்தாகப் பழுத்துக் கொட்டும் காலத்தில், ஒரு சட்டி ஜாம் எங்கள் வீட்டில் கிண்டப்படும். பக்கத்து லயங்களில் அந்தப் பழத்தைத் தணலில் சுட்டு, தோலுரித்து, வெங்காயம் மிளகாய் வைத்துச் சம்பல் இடிப்பார்கள். அது எல்லா வீட்டிலும் நடப்பது. ஜாம் மட்டும் ஏன் எங்கள் வீட்டில்?

“எங்கம்மா செஞ்சாங்க, நான் செய்றேன். இதுல என்னா இருக்கு கேக்குறதுக்கு?” என்றார் அம்மா. அம்மாயி துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாரா என்று கேட்டேன். “பங்களா கேட்டு வரைக்கும்கூட போனதில்ல.”

பங்களா வேலை செய்த ஒருவரைத் தேடிப் போனேன். புசல்லாவைக்கு அந்தப் பக்கம், இளமையில் பங்களாச் சமையற்காரரான அப்புவுக்குக் கையாளாக இருந்து பின்னர் தானே அப்புவானவர் ஒருவர் இருக்கிறார். வயது தொண்ணூறை நெருங்குகிறது. நாக்கு மட்டும் இன்னும் பங்களாவில்தான் இருக்கிறது. துரைசானி தன் கையால் ஆரஞ்சு மாமலேட் கிண்டிய கதையையும், கொய்யா ஜெலிக்குச் சாற்றைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்ட கதையையும் சொன்னார். துணியைப் பிழிந்துவிடக்கூடாதாம், பிழிந்தால் ஜெலி கலங்கிப்போகும். ஒரு தடவை அவசரத்தில் பிழிந்துவிட்டு வாங்கிய ஏச்சை இங்கிலீசிலேயே சொல்லிக் காட்டினார். மரத்தக்காளிக்கு ஒரு நுணுக்கம் வைத்திருந்தார். கொதிநீரை ஊற்றி ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் தோல் கையோடு கழன்று வரும். தோலோடு கிண்டினால் கசப்பு.

அம்மா செய்வதும் இதுவேதான்.

“அப்போ ஜாம் பங்களாவுல இருந்து லயத்துக்கு வந்துச்சா தாத்தா?” என்றேன். சிரித்தார். “ஜாம் எங்க வந்துச்சு? நுரை வந்துச்சு.” கொதிக்கும்போது மேலே திரளும் நுரையை அகப்பையால் வழித்துத் தனியே எடுப்பார்கள், இல்லாவிட்டால் போத்தலில் கண்ணாடிபோலத் தெளிவு இருக்காது. அந்த நுரைதான் குசினிக்காரர்களின் பங்கு. பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவிக் கொடுக்க ஒரு சிரட்டையில் எடுத்துப் போவார்களாம். இன்னொன்றும் இறங்கி வந்தது, வெறும் போத்தல். லயத்தில் அதில் தேங்காய் எண்ணெய் இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது, திரி போட்டு விளக்காகவும் இருந்தது.

அம்மாயிக்குச் செய்முறை அந்த நுரையோடு வந்த பேச்சில் கிடைத்திருக்க வேண்டும். எழுத்தில் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. எழுத்தில் இருந்தவையெல்லாம் வேறு வீடுகளுக்கானவை. 1861இல் லண்டனில் வந்த பீட்டன் அம்மையாரின் குடும்ப நிர்வாகப் புத்தகமும், இலங்கையில் ஹில்டா டொய்ட்றம் தொகுத்து 1929இல் வெளியான சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகமும் ஆங்கிலம் படித்த வீட்டு அலுமாரிகளில் இருந்தவை. அப்புமாரில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. துரைசானி படித்துச் சொல்வார், அப்பு மனதில் வைத்துக்கொள்வார்.

சரி, பழம் எங்கிருந்து வந்தது? மரத்தக்காளியை நம்மூர்ச் செடி என்றே நினைத்திருந்தவர்கள் பலர். அதன் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அண்டீஸ் மலைச் சரிவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் தம் தாவரத் தோட்டங்களின் வழியாகச் செடிகளைக் குடியேற்ற நாடுகளுக்குள் சுற்றவிட்டபோது அதுவும் சுற்றியது. நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கல தோட்டத்தை 1861இல் திறந்ததே இன்னொரு அண்டீஸ் மரத்துக்காகத்தான்: காய்ச்சலுக்கு மருந்தான சிங்கோனா. நியூசிலாந்துக்காரர்கள் 1891இல் மரத்தக்காளியை இந்தியாவிலிருந்து வாங்கிப் போனார்கள். 1967இல் டமாரில்லோ என்று புதுப்பெயர் வைத்து உலகச் சந்தைக்கு விட்டார்கள். நாங்கள் பெயரும் வைக்கவில்லை, சந்தைக்கும் விடவில்லை. லயத்துக்குப் பின்னால், சாம்பல் கொட்டும் இடத்தில், தானாக முளைத்ததைத் தின்றோம். நட்ட இரண்டாம் வருஷமே காய்க்கும். பத்து வருஷத்துக்குச் சற்று மேலே நிற்கும். நிலம் சொந்தமில்லாதவர்களுக்குத் தோதான மரம்.

பழம் இருந்தது, செய்முறை காற்றில் வந்தது, போத்தல் இருந்தது. பிறகும் ஏன் லயமெங்கும் ஜாம் இல்லை என்பதற்கு அம்மா ஒரே சொல்லில் பதில் சொன்னார்: “சீனி.” ஜாம் கெடாமல் நிற்பதற்குக் காரணமே அதுதான். கிண்டி முடித்த ஜாமில் கரைந்திருக்கும் பொருள் நூற்றுக்கு 65 பங்கு அளவில் இருந்தால் பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் வேண்டிய நீரைச் சீனி பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக் கணக்கில் ஒரு கிலோ பழக்கூழுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ சீனி. எழுபதுகளின் தொடக்கத்தில் அரிசி, மா, சீனி எல்லாமே அளந்து கிடைத்த காலம். 1974 வாக்கில் தோட்டங்களில் பட்டினிச் சாவு. மரவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்று உயிரைப் பிடித்தவர்கள் சட்டியில் சீனியைக் கொட்டுவார்களா? எங்கள் வீட்டில் முதல் ஜாம் வெந்தது 1977க்குப் பிறகு, இறக்குமதி திறந்துவிடப்பட்டு, கடையில் காசு கொடுத்தால் சீனி கிடைத்த நாட்களில். அப்போது துரைமார் போய், தோட்டங்கள் அரசுடைமையாகி இரண்டு வருஷம் கடந்திருந்தது. ஆக எங்கள் ஜாமுக்கு வயது ஐம்பதைத் தொடவில்லை. பரம்பரைப் பண்டம் என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்ள முடியாது.

மிச்ச விளைச்சலைப் போத்தலில் அடைப்பதை அரசு அதற்கு வெகு முன்பே யோசித்திருந்தது. கடை அலுமாரியில் நாம் பார்க்கும் எம்.டி. ஜாம் போத்தலின் அந்த இரண்டு எழுத்துகள் பழைய சந்தைப்படுத்தல் திணைக்களத்தின் ஆங்கில முதலெழுத்துகள். விவசாயியிடம் தேங்கிய பழத்தை வாங்கிப் பதப்படுத்தும் திட்டத்தில் பிறந்த பெயர் தனியார் கைக்கு மாறிய பின்னும் நிலைத்துவிட்டது. அந்த ஏற்பாடு விவசாயிக்கானது. தோட்டத் தொழிலாளி கூலியாள். அவனிடம் மிச்சம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

செய்முறையில் ஒரு மர்மம் மிஞ்சியிருந்தது. புத்தகங்கள் ஜாம் பதத்துக்கு 104, 105 பாகை என்கின்றன. ஆர்வத்தில் ஒரு வெப்பமானி வாங்கிக்கொண்டு போய் அம்மாவின் சட்டியில் வைத்துப் பார்த்தேன். 101ஐத் தாண்டியதும் அம்மா சட்டியை இறக்கிவிட்டார். “இன்னும் வேகணும்மா” என்றால், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் நடுவே கோடு இழுத்துக் காட்டினார். கோடு மூடவில்லை. பதம் சரி. காரணம் மலை. ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 பாகைக்கு முன்னாலேயே கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஒரு பாகை என்ற கணக்கில் எல்லாமே இறங்கி வரும். நுவரெலியாவுக்குப் போனால் இன்னும் மூன்று பாகை குறையும். கீழ்நாட்டுப் புத்தகத்தை நம்பிக் கிண்டியிருந்தால் மிட்டாய்தான் கிடைத்திருக்கும்.

இதே உயரம் இன்னொரு விஷயத்தில் பொல்லாதது. எங்கள் பக்கத்தில் உண்மையாகவே மிஞ்சுவது மரக்கறி: கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி. விலை விழுந்தால் மூட்டை மூட்டையாக வீதியோரம் கிடக்கும். அதையும் வேகவைத்துப் போத்தலில் அடைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மரத்தக்காளி இயல்பிலேயே புளிப்பு. மரக்கறியில் அந்தப் புளிப்பு இல்லை. அமிலக் குறியீடு (pH) 4.6க்கு மேலே போனால், காற்றில்லாத போத்தலுக்குள் பொட்டுலினம் நஞ்சு உருவாகலாம். அந்தக் கிருமியின் வித்து கொதிநீரில் சாகாது, 97 பாகைக் கொதிநீரில் சாகவே சாகாது. வினாகிரி தாராளமாக விட்டு அச்சாறு போடுவதே பத்திரமான வழி. இதை அம்மா விஞ்ஞானமாகச் சொல்லமாட்டார். “புளிக்காதத மூடி வைக்காத” என்பார்.

ஜாம் பற்றிப் பெரியம்மாவிடமும் கேட்டேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் வந்து, எழுபதுகளில் கப்பலேறி நீலகிரிக்குப் போனவர். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில், பின்னால் டான்டீ என்று கழகமானதில், வேலை செய்து ஓய்ந்தவர். கோத்தகிரிப் பக்கமும் மரத்தக்காளி உண்டு, குன்னூரில் அரசுத் தோட்டக்கலைத் துறையே பழத்தைப் பதப்படுத்தி ஜாம் விற்கிறது. ஆனால் பெரியம்மா வீட்டில் ஜாம் இல்லை. “மரம் இருந்துச்சு. வீடு கம்பெனி வீடு. ரிட்டயர் ஆனா காலி பண்ணணும். போத்தல தூக்கிக்கிட்டு எங்க போறது?” என்றார் போனில்.

தேடல் எனக்கு அந்த இடத்தில் திசை மாறியது. ஜாம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை அடுக்கி வைக்கும் தட்டு யாருக்கு இருந்தது என்பதுதான் கேள்வி என்று பட்டது. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் யாராவது தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்யும் வரைதான் அதில் உரிமையோடு இருக்க முடியும். ஓய்வுபெறும் கிழவிக்கு வரும் பணமோ கணக்கிட்டுவிடக்கூடியது. நாட்கூலிக்காரர்களுக்குப் பணிக்கொடை வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். 2024இல் 1,350 ரூபாயாக்கிய நாட்சம்பளத்தின்படி, 30 வருஷம் உழைத்தவருக்கு 5,67,000 ரூபாய் வந்தது. அதோடு ஊழியர் சேமலாப நிதி: தொழிலாளி 8 வீதம், கம்பெனி 12 வீதம் போட்டது. மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, மகனுக்கு ஒரு ஆட்டோ முற்பணம், முடிந்தது.

அம்மா தன் பணத்தைத் தொடவிடவில்லை. அவர் காத்திருப்பது ஏழு பேர்ச்சுக்கு. இந்திய உதவியில் கட்டும் தனி வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அளவு அது, சுமார் 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மிச்சத்தில் என்னென்ன நிற்கும் என்று பழைய கொப்பியொன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார். கிணற்றடி மாதிரி ஒரு தண்ணீர்க் குழாய், நாலு மரத்தக்காளி, வேலியில் பேஷன் பழக்கொடி, ஒரு கொய்யா, கோழிக்கூடு, மீதி கீரைக்கும் போஞ்சிக்கும். பத்து மரம் நட்டால் விற்கலாமே என்றேன். பத்து மரத்துப் பழத்துக்குச் சீனி யார் வாங்குவது என்று கேட்டார். 2022இல் சீனிக்கும் விறகுக்கும் பட்டபாடு அவருக்கு மறக்கவில்லை. நாலு மரத்தில் ஒரு பங்கு ஜாம், ஒரு பங்கு சம்பல், ஒரு பங்கு அக்கம்பக்கம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகமெங்கும் மண் சரிந்தபின், கொப்பியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். காணி எந்தப் பக்கம் என்ற இடத்தில் முன்பு ‘வீதியோரம்’ என்று இருந்தது; இப்போது ‘சரிவு இல்லாத இடம்’. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அத்திவாரம் போடவிடமாட்டேன் என்கிறார், காணியே இன்னும் கைக்கு வராத நிலையில். வருமா, வராதா என்று நான் வாதாடுவதில்லை. எங்கள் தோட்டத்தில் சிலருக்கு வந்திருக்கிறது. உறுதிப்பத்திரம் கையில் உள்ளவர்கள் அதைவிடக் குறைவு.

இதற்கிடையில் வினாகிரி விட்ட மரத்தக்காளிச் சட்னி ஒன்றைப் புதிதாகச் செய்து பார்க்கிறார். சீனி பாதிதான் பிடிக்கிறது. எங்கள் ஊர் நீர்வீழ்ச்சிக்கு எதிரே கடை வைத்திருப்பவர் ருசி பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரர் பெரிய போத்தல் தூக்கமாட்டார்கள், சின்னதாக வேண்டும் என்றாராம். நேற்று போனில் அம்மா எனக்கிட்ட உத்தரவு: “கொழும்புல இருந்து வர்றப்ப சின்ன போத்தல் ரெண்டு டசன் வாங்கிட்டு வா. மூடி துரு பிடிக்காததா பாத்து வாங்கு, வினாகிரி சும்மா விடாது. விலைய மட்டும் கடைக்காரங்கிட்ட நீ பேசாத, நான் பேசிக்கிறேன்.”