பிழையன்று, பாடபேதம்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், அச்சிட்ட இசைக்குறிப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, 'மிஸ் மக்லவுட்' என்னும் ரீலை இசைத்தட்டிலே கேட்டுக்கொண்டிருந்தோம். வாசித்தவர் அயர்லாந்தின் நாட்டுப்புறப் பிடில்காரர் ஒருவர். அவருடைய வில் ஏட்டை விட்டு விலகிய இடந்தோறும் நமது பென்சில் ஒரு கோடிட்டது. ஆசிரியத் தொழிலில் ஊறிய கையல்லவா! மெட்டு இரண்டாம் முறை வந்தது. முன்னர் விலகிய இடங்களில் அவர் ஏட்டோடு ஒத்துச் சென்றார்; ஒத்துச் சென்ற இடங்களில் விலகினார். மூன்றாம் முறை வேறொன்று. பென்சிலைக் கீழே வைத்தோம்.

ரீல், ஆடுவோரின் கால்களுக்காக வாசிக்கப்பட்ட இசை. எட்டு எட்டுத் தாளவட்டங்கள் கொண்ட இரு பகுதிகள். ஆட்டம் ஓயும்வரை அவை மீண்டும் மீண்டும் வரும். தாளம் பிசகலாகாது, பிசகினால் ஆடுபவர் தடுமாறுவர். ஆனால் அக்கட்டுக்குள்ளே ஒரு சுரத்தை அயற் சுரங்கள் தொட்டுச் சுழற்றுவதும், வில்லின் இழுப்பை மாற்றுவதும் வாசிப்பவரின் உரிமை. டொனிகல் பகுதியினர் பெரும்பாலும் சுரங்களைத் தனித்தனி வில்லடிகளாக வெட்டி வாசிப்பர். ஸ்லைகோப் பகுதியினர் அவற்றைக் கோத்து அலங்கரித்து ஓடவிடுவர். நாம் கேட்ட மெட்டோ ஸ்கொட்லாந்திலே தோன்றியது, அயர்லாந்திற் குடியேறியது, கடல் கடந்து அமெரிக்கப் பிடில்காரரிடத்தே வேறு பெயர்களும் வேறு நடையும் பெற்றது. இவற்றுள் எதைத் திருத்துவது?

1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் அயர்லாந்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் உயிர்களைப் பலிகொண்டது. அதற்கும் மேற்பட்டோரை நாட்டைவிட்டுத் துரத்தியது. புலம்பெயர்ந்தோர் நினைவிற் சுமந்து சென்ற மெட்டுக்களை, சிக்காகோ நகரின் பொலிஸ் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஓ நீல் திரட்டினார். 1903இல் அவர் வெளியிட்ட தொகுதியில் 1850 மெட்டுக்கள் இருந்தன. அச்சு அவற்றை அழிவினின்றும் காத்தது. ஆயினும் அச்சேறிய வடிவமே சரியானது என்ற மயக்கத்தையும் அதுவே வளர்த்தது. அம்மயக்கத்தில்தான் நாமும் பென்சிலை எடுத்தோம்.

இசைத்தட்டின் கதையும் இத்தகையதே. ஸ்லைகோவிலே பிறந்து 1914இல் அமெரிக்கா சென்ற மைக்கேல் கோல்மன், 1920களில் வெளியிட்ட தட்டுக்களால் அயர்லாந்தெங்கும் புகழ் பெற்றார். இளைஞர் அவரைப் போலவே வாசிக்க விழைந்தனர். ஊர்களின் சொந்த நடைகள் பல மங்கின. இதற்குத் தட்டை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. பொது நடனங்களுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமென 1935இல் அயர்லாந்து அரசு சட்டம் இயற்றியது. மதகுருமாரின் நெருக்குதலும் சேர, குடியானவர் வீடுகளில் நிகழ்ந்த ஆட்டங்கள் அருகின. ஆடுமிடத்தைப் பறித்தபின் நடை எங்ஙனம் நிலைக்கும்?

கெரி மாவட்டத்திலே ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார்: போட்ரிக் ஓ கீஃப். 1920இல் பள்ளியை விட்டு நீங்கி, வீடு வீடாக நடந்து பிடில் கற்பித்தார். பிடிலின் நான்கு தந்திகளுக்கும் கோடுகளின் நான்கு இடைவெளிகள், விரல்களுக்கு எண்கள்: இதுவே அவர் வகுத்த குறிப்புமுறை. இசையிலக்கணம் அறியாத உழவர் பிள்ளைகளும் அதைப் படித்தனர். 1963இல் அவர் இறந்தபோது, அம்மெட்டுக்கள் அம்மாணவரின் விரல்களிலே இருந்தன.

பழந்தமிழ் ஏடுகளின் பாடபேதங்களை ஆராய்ந்து போற்றுகிறோம். எழுத்தறியா மக்களின் கையில் அதே பேதம் தோன்றும்போது மட்டும் பிழையென்கிறோம். அந்த இசைக்குறிப்பில் நாம் இட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன. விடைத்தாள் திருத்த உட்காருமுன் சில வேளைகளில் அதனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம்.