அருவாமனைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

ராயபுரத்தில் சதுரமான ரூம் என்று ஒன்று கிடையாது. 1856-லேயே ரயில் விட்ட ஊர் சார் இது! தண்டவாளத்தை நேராகப் போட்ட ஊரில், வீடு கட்டினவர்கள் மட்டும் நூல் பிடிக்க மறந்துவிட்டார்கள். நாலு சுவரும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி நிற்கும். தாத்தா காலத்திலிருந்து யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ‘மாடுலர் கிச்சன்’ என்று ஒன்று வந்தது, கூடவே கவலையும் வந்தது.

எங்கள் வீட்டு அடுப்பங்கரையின் அகலம் வாசல் பக்கம் 88 அங்குலம். ஜன்னல் பக்கம் போய்ச் சேர்வதற்குள் 83. நீளம் 121. ‘கிச்சன் என்ன சைஸ் சார்?’ என்று கடையிலிருந்து போனில் கேட்டால் என்னவென்று சொல்வது? ‘ஏழுக்குப் பத்து’ என்றுதான் ஊரே சொல்கிறது. அங்கேதான் வம்பு ஆரம்பம்.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற, லோனுக்கு பேங்க் பார்க்கிற வாலிபர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரே சுவரை மூன்று உயரத்தில் அளக்கணும் - தரையோரம், இடுப்புயரம், தலைக்கு மேலே. மூன்றும் ஒன்றாக வந்தால் உங்கள் வீட்டைக் கட்டின மேஸ்திரிக்கு மாலை போடுங்கள். வராவிட்டால், இருப்பதிலேயே சின்ன அளவுதான் உங்கள் அளவு. பூச்சு எங்கேயாவது தொப்பை போட்டிருக்கும். பெட்டி போய் அங்கேதான் முட்டும். அப்புறம் மூலை. ஒரு சுவரில் 3 அடி, பக்கத்துச் சுவரில் 4 அடி குறித்துக் குறுக்கே டேப் பிடித்தால் சரியாக 5 அடி வரணும். எட்டாம் கிளாஸில் நாம் தூங்கிக்கொண்டிருந்தபோது நடத்திய பிதாகரஸ்தான்! எங்கள் ஜன்னல் மூலையில் 5 அடி 1 அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே வந்தது.

கடைக்காரர்கள் இதற்கெல்லாம் அசரவில்லை. பையன் ஒருத்தன் லேப்டாப்போடு வந்தான். ‘வளைந்த சுவருக்கு முன்னால் பேனல் அடித்து ரூமையே 83 ஆக்கிடலாம் சார்’ என்றான். இரண்டு பக்கமும் 24 அங்குலப் பெட்டி. கம்பெனிப் பெட்டி 600 மில்லிமீட்டர் அகலத்தில் வரும்; ஐந்தை வரிசையாக வைத்தால் 3000. எங்கள் நீளம் 3073. மிச்சம் 73-ஐ ஒரு பட்டை வைத்து மூடணும். (அந்தப் பட்டையைச் சுவர் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டிராயரைத் திறக்கும்போது சுவரில் இடிக்கும்.) படம் பிரமாதம். மேடையில் பச்சை ஆப்பிள், கால் வைத்த கண்ணாடிக் கிளாஸ். மெட்ரோ வாட்டர் பம்பில் அடித்த குடங்கள் மட்டும் காணோம். விலை இரண்டே கால் லட்சம்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

‘‘ஏம்ப்பா, அருவாமனைய எங்க போட்றது?’’

பையன் முழித்தான். நான் காமர்ஸ் கிராஜுவேட்; கணக்குப் போட்டேன். 83-ல் இரண்டு 24 போனால் 35. டிராயரை 18 அங்குலம் வெளியே இழுத்தால் மிச்சம் 17. அதில் அம்மா உட்கார முடியாது. மீன் வேண்டுமானால் உட்காரலாம்.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அருவாமனையில் கத்தி நிற்கும், மீன்தான் நகரும். காலால் பலகையை அழுத்திக்கொண்டால் இரண்டு கையும் மீனுக்கே. ‘‘நின்னுக்கினு வெட்டினா சங்கரா சொன்ன பேச்சு கேக்காதுடா’’ என்பது அம்மாவின் சித்தாந்தம். முப்பத்தஞ்சு வருஷமாக அந்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் எங்களையெல்லாம் வளர்த்தாள். இடம் இல்லை என்றால் சண்டை போடமாட்டாள்; அருவாமனையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். அதுதான் எனக்குப் பயம். அப்புறம் அடுப்பங்கரை மருமகளுடையது, பின்கட்டு மாமியாருடையது என்று வீடு தானாகப் பாகம் பிரிந்துவிடும், பத்திரம் இல்லாமலே.

இந்த மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி ஒருத்தி உண்டு. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்கிற ஆஸ்திரியப் பெண் ஆர்க்கிடெக்ட் போட்ட பிளான் அது. பி.காமில் உருப்போட்டோமே, டெய்லரின் டைம் அண்ட் மோஷன் ஸ்டடி - அதை ஃபேக்டரியிலிருந்து அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தார். எத்தனை நடை, எத்தனை நிமிஷம் என்று கணக்கெடுத்தார். ரயில் டைனிங் கார் சமையலறையைப் பார்த்துப் பாடம் படித்தார். (அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். எங்கள் அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.) சுமார் 10,000 வீடுகளுக்குப் போனது அந்த கிச்சன். அகலம் 6 அடி சொச்சம், நீளம் 11 அடி சொச்சம். கிட்டத்தட்ட எங்கள் வீட்டு அளவேதான்!

அந்தப் பிளானில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த சமாசாரம் வேறு. ஜன்னலோரம் வெளிச்சத்தில் ஒரு வேலைப் பலகை, அதன் முன்னால் ஒரு சுழலும் ஸ்டூல். உட்கார்ந்து காய் நறுக்க! நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் உட்கார இடம் வைத்திருக்கிறார்கள். நம்ம பையனின் லேப்டாப்புக்கு வருவதற்குள் அந்த இடம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

கடைசியில் கல்மண்டபத்திலிருந்து ஒரு கார்பென்டர் வந்தார். லேப்டாப் கிடையாது. தூக்குக்குண்டு, மூலைமட்டம், காதில் பென்சில். சுவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ‘‘அம்மா, நீங்க எப்பவும் குந்துற மாதிரி குந்துங்க’’ என்றார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே அருவாமனையோடு உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு அளந்தார்: 33-க்கு 30 அங்குலம்.

மற்றதெல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்புறம்தான். நேரான சுவரில் மட்டும் 24 அங்குல மேடை, ஜன்னல் முனையில் ஸிங்க். கோணல் சுவரில் பெட்டியே வேண்டாம், திறந்த அலமாரி போதும் - வாசல் பக்கம் 15 அங்குல ஆழம், ஜன்னல் பக்கம் 10. அரிசி டிரம்மும் குடமும் ஆழத்துக்கு, கடுகு டப்பா மெலிசுக்கு. அலமாரியின் முகம் நேராக வந்துவிடும். சுவரின் கோணல் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 49 அங்குலம். அம்மா உட்கார்ந்த பிறகும் 16 அங்குலம் மிச்சம். என் மனைவி ஒருக்களித்துத் தாண்டிப் போகலாம். ஃபிரிட்ஜ், எங்கள் ஏரியா வழக்கப்படி, ஹாலில்.

மேடை உயரத்துக்கும் ஒரு வழி சொன்னார். நிற்கிறவரின் முழங்கையிலிருந்து 4 அங்குலம் கீழே. கம்பெனிப் படத்தில் 900 மில்லிமீட்டர், அதாவது 35 அங்குலத்துக்கு மேல். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு 33 போதும்.

சிலிண்டரை மட்டும் அழகுக்காக இறுக்கமான கதவுக்குள் பூட்டாதீர்கள். 14.2 கிலோ சிலிண்டரின் குறுக்களவு 13 அங்குலம்தான்; 16 விட்டால் தாராளமாக உருட்டலாம். ஆனால் அந்த கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படுத்துக்கொள்ளும். கதவு வேண்டுமென்றால் அடியில் காற்றுப் போக வழி இருக்கணும். எங்கள் வீட்டில் கதவே இல்லை. திருவொற்றியூர், எண்ணூர் வாசகர்களுக்கு இன்னொன்று: உப்புக் காத்து சாதாரண கீலைச் சீக்கிரம் துருவாக்கிவிடும். 304 ஸ்டீல் கேளுங்கள். பலகை வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

கார்பென்டர் சொன்ன தொகை, கம்பெனி சொன்னதில் ஏறக்குறைய பாதி. வேலை ஆவணியில்தான், ஆடியில் மேடை உடைக்க அம்மா சம்மதிக்கவில்லை. அதுவரை சாக்பீஸ் கோடு அழியக்கூடாது என்று உத்தரவு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தரை துடைப்பவன் நான். கோட்டைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.