பொங்கல் விழாவுக்கு அவர்களையும் கூப்பிடுங்கள்



2002-இல் விடுதலை பெற்ற நாடு கிழக்குத் திமோர். ஆஸ்திரேலிய ஊர்கள் பலவற்றில் அந்த மக்களுக்காக நட்புக் குழுக்கள் இருக்கின்றன. பாட்டு, விருந்து என்று விழா நடத்தி, அங்குள்ள பள்ளிகளுக்கு உதவுகிறார்கள். இதைப் படித்ததும் நம் மாவட்டத்து நாகாவதி, தும்பலஹள்ளி அணை முகாம்கள் நினைவுக்கு வந்தன.

1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வரத் தொடங்கிய இலங்கைத் தமிழர்கள் இவர்கள். 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. ஆனால் இங்கேயே பிறந்த பிள்ளைகள் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேரவில்லை.

என் வகுப்பில் படித்த முகாம் பிள்ளைகள் பேர் கூப்பிட்டால் “ஓம் டீச்சர்” என்பார்கள். முதலில் சிரித்த மற்ற பிள்ளைகள், ஒரு மாதத்தில் தாங்களும் “ஓம்” சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததால் வந்த நட்பு அது.

முகாமுக்குள் வெளியார் போக அனுமதி வாங்க வேண்டும். அதனால் பொம்மிடியில் பொங்கல் விழா நடத்தும் பிள்ளைகளே, கோலப் போட்டிக்கும் கபடிக்கும் அவர்களைக் கூப்பிடுங்கள். விருந்தாளியாக அல்ல, உங்கள் டீமிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன்.