அப்பா போட்ட அடித்தளம்

2018 கஜா புயலில் சரிந்த எங்கள் வட்டக்கானல் தோட்டத்துக் கொட்டகையை, நான் சிவில் முதலாண்டு முடித்த லீவில்தான் திரும்பக் கட்டினோம். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் கணக்கும் நானே போட்டேன். பத்துக்கு எட்டடி, நாலு அங்குல கனம், 1:4:8 கான்கிரீட். சிமெண்ட் மூணு மூட்டை. சரிவை வெட்டி, அந்த மண்ணையே பள்ளப் பக்கம் நிரவினேன்.

"நிரவின மண்ணை நம்பாதடா" என்றார் அப்பா. கைநாட்டுதானே என்று நான் காதில் வாங்கவில்லை.

ஐப்பசி மழையில் நிரவிய பாதி அமிழ்ந்து, தளம் நடுவில் பிளந்தது. வெட்டிய பாதி அசையவேயில்லை.

அப்பா திட்டவில்லை. கெட்டி மண் வரை தோண்டி, தோட்டத்தில் கிடந்த கல்லை அடுக்கி, இடுக்கில் சரளை திணித்தார். மேட்டுப் பக்கம் தண்ணி ஒதுங்க ஒரு வாய்க்கால். சிமெண்ட் ஒரு பிடிகூட இல்லை!

அடுத்த ஐப்பசியில் நான்தான் ஓடிப்போய் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவிலேயே நின்றது.