எங்கே நிற்பது?

ஹொரைசான் 202 கேமராவில் ஃபோகஸ் வளையம் இல்லை, ஜூம் இல்லை, பேட்டரியும் இல்லை. ரஷ்யாவின் கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்தது. முன்பக்கம் ஓர் உருளை. அதற்குள் 28 மி.மீ. லென்ஸ்; உருளையின் பின்புறம் செங்குத்தாக ஒரு மெல்லிய பிளவு. பட்டனை அழுத்தினால் உருளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை திரும்பும். உள்ளே ஃபிலிம் தட்டையாக இருக்காது, வில்லாக வளைந்திருக்கும். அதன்மேல் அந்தப் பிளவு வழியே ஒளி ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிக்கொண்டு போகும். ஒரே படத்தில் 120 டிகிரி காட்சி. நெகட்டிவின் அகலம் 58 மி.மீ. என்பதால் 36 படச் சுருளில் ஏறத்தாழ 22 படம்தான் தேறும்.

கும்பகோணத்தில் பழைய ஸ்டுடியோ வைத்திருக்கும் மாஸ்டரிடம் இதைக் கற்று வருகிறேன். கல்யாண ஆல்பமும் பாஸ்போர்ட் போட்டோவும் டிஜிட்டலுக்குப் போய்விட்டாலும் டார்க்ரூமை அவர் மூடவில்லை. முதலில் என் கையில் கொடுத்தது ஒரு வேஸ்ட் ரோல். ஃபிலிம் முனையை இரண்டு பக்கமும் உள்ள சிறு உருளைகளுக்கு அடியில் நுழைக்க வேண்டும். துளைகள் பல்சக்கரத்தில் சரியாக உட்கார வேண்டும். வளைந்த பரப்பில் ஃபிலிம் ஒட்டினாற்போல் படிய வேண்டும். "விரலால தடவிப் பாரு தம்பி. எங்க தொய்வு இருக்கோ அங்க படம் மங்கிடும்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குக் கை பழகும்வரை நல்ல ஃபிலிமை அவர் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

அடுத்த பாடம் ரசமட்டம். கேமராவின் தலையில் ஒன்று பதித்திருக்கிறது. வியூஃபைண்டருக்குள்ளும் அதன் குமிழ் தெரியும். குமிழ் நடுவில் நின்றால் தொடுவானம் நேர்கோடு. கேமரா கொஞ்சம் கீழே குனிந்தால் தொடுவானம் நடுவில் மேடாக எழும்பும். அண்ணாந்தால் குழியாகத் தொய்யும். மாஸ்டர் மூன்றையும் காவிரிக் கரையில் எடுத்து, காண்டாக்ட் பிரிண்ட் போட்டு, வரிசையாக மேசையில் வைத்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் மட்டம் பிடித்துவிட்டால் அடுத்த சிக்கல் வந்து நிற்கும். தொடுவானம் எப்போதும் படத்தின் நட்டநடுவில். கீழ்ப்பாதி முழுக்கத் தரை! சாதாரணக் கேமராவில் சற்றே மேலே தூக்கித் தரையை வெட்டிவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை. தரையில் பார்க்க ஏதாவது இருக்கும் இடமாகத் தேடிப் போய் நிற்க வேண்டும்: ஈரப் படிக்கட்டு, காயப்போட்ட நெல், நிழல். இந்தக் கலையில் பெரும்பகுதி வேலை பட்டனை அழுத்துவதற்கு முன்பு கால் செய்யும் வேலைதான் என்று நான் முழுமையாக நம்புவது இதனால்தான். கருவி நமக்கு விட்டுவைத்திருக்கும் பெரிய தேர்வு நிற்கும் இடம் ஒன்றே.

அதைப் புரிய வைக்க மகாமகக் குளத்துக்கு அழைத்துப் போனார். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். ஒரு கரையின் நடுவில் நின்று எடுத்தால் எதிர்க்கரையின் நீர்விளிம்பு நடுவில் கீழே தாழ்ந்து, இரு ஓரங்களிலும் மேலேறிச் சுருங்கும். நேரான நீண்ட சுவரை நேருக்கு நேர் எடுத்தாலும் இப்படித்தான், நடு வீங்கிச் சுருட்டு வடிவம் வரும். குளத்தின் மூலைக்கு நகர்ந்தோம். இப்போது இரண்டு கரைகள் நம்மிடமிருந்து கிளம்பி இருபுறமும் விலகி ஓடின. படிகள் காலடியிலிருந்தே விரிந்து தண்ணீருக்குள் இறங்கின. அதே குளம், அதே லென்ஸ், நடந்தது கொஞ்ச தூரம்.

வெளிச்சத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 120 டிகிரிக்குள் ஒரு ஓரம் வெயிலில் வெந்துகொண்டிருக்கும், மறு ஓரம் நிழலில் கிடக்கும். சூரியனை முதுகில் வைத்தால் நம் நிழலே படத்துக்குள் நீளும். கேமராவில் மீட்டர் கிடையாது. மாஸ்டர் கைமீட்டரை இரண்டு ஓரத்துக்கும் காட்டிவிட்டு நிழல் பக்கமே சாய்வார். 400 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் 1/250, எஃப்/11. வானம் கொஞ்சம் கெட்டியாக விழுந்தாலும் பிரிண்டில் மீட்கலாம். நிழலில் பதியாததை யாராலும் கொண்டுவர முடியாது.

தஞ்சைப் பெரிய கோவிலில் வேறொரு பாடம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் விமானத்தின் அடிப்பீடக் கல்வெட்டுகளைப் படமெடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். சுவரை ஒட்டிக் கேமராவை இடம் மாற்றி மாற்றி வைத்து எடுத்த பனோரமா அது. எங்கள் கேமரா நின்ற இடத்திலேயே கழுத்தைத் திருப்புவது. கல்வெட்டு வரி வளையாமல் வர வேண்டுமானால் டிரைப் வழிதான் சரி. அந்தப் பீடத்தின் முன் நின்று, கனமான பெட்டிக் கேமராவையும் காகித நெகட்டிவையும் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புத்தான். நாங்கள் விமானத்திலிருந்து தள்ளிப் போய், ஹொரைசானை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தோம். காலடிக் கல்தளத்திலிருந்து சிகரம் வரை ஒரே வீச்சில் வந்தது. அப்படிப் பிடிக்கும்போது ரசமட்டம் உதவாது, கண்தான் மட்டம்.

ஃபிலிமைக் கழுவ வெளியே கொடுத்தால் கட் பண்ண வேண்டாம் என்று உறைமேல் பெரிதாக எழுதிக் கொடுக்க வேண்டும், வழக்கமான 36 மி.மீ. அகலப் படம் என்ற பழக்கத்தில் கத்தரி வைத்தால் படம் இரண்டாகிவிடும். என்லார்ஜரும் 35 மி.மீ.க்கானது போதாது, நடுத்தர அளவு ஃபிலிமுக்கான பெரிய கேரியர் வேண்டும்.

நான் அதிகம் விரும்பும் வேலை குரூப் போட்டோ. ஆட்களை நேர்வரிசையில் நிறுத்தினால் ஓரத்தில் இருப்பவர்கள் குள்ளமாகிவிடுவார்கள். 1904-இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் என்ற சுழலும் கேமராவை வைத்திருந்தவர்கள் அமெரிக்காவில் பள்ளிக் கூட்டத்தையும் பட்டாளத்தையும் அரைவட்டமாக உட்கார வைத்தது இதனால்தான். அந்தக் கேமரா மெதுவாகச் சுழலும். முதல் ஓரத்தில் நின்ற பையன் பின்பக்கமாக ஓடி மறு ஓரத்தில் போய் நின்றால் ஒரே படத்தில் இரண்டு முறை விழுவான்.

நெசவாளர் தெரு ஒன்றில் நாங்கள் செய்ததும் அதே கணக்கு. கேமரா ஸ்டாண்டின் காலில் 20 அடிக் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சாக்பீஸ் பிடித்து நான் தரையில் வில் போட்டேன். 120 டிகிரிக்கு அந்த வில் ஏறத்தாழ 42 அடி வரும். ஓரங்களில் கொஞ்சம் விட்டு மீதியில் நாற்காலிகள், பின்னால் நிற்பவர்கள். எல்லாரும் லென்ஸிலிருந்து ஒரே தூரம். "உருளை முழுசா திரும்பி முடியிறவரைக்கும் யாரும் அசையப்படாது, குழந்தையப் பிடிச்சுக்குங்க" என்று மாஸ்டர் குரல் கொடுத்தார்.

பிரிண்டில் தெருக்காரர்கள் ஒருவர் தலையும் தாழாமல் நேர்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்த வீடுகளின் திண்ணைதான் வில்லாக வளைந்துவிட்டது. "திண்ணை வளைஞ்சா பரவாயில்ல, ஆள் வளையக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஒரு பிரதி போடச் சொன்னார் மாஸ்டர்.