பெயர் போடும் இடம்

ஞாயிற்றுக்கிழமைதோறும் குடுமியான்மலையிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுகிறேன். அங்கே ஓர் அக்கா வீட்டு மாடியில், பெண்ணை நேசிக்கும் பெண்கள் எழுதும் சிறு இதழ் ஒன்று தயாராகிறது. நூறு பிரதிதான். அதில் தொழில் பழகப் போய் இரண்டு வருடமாகிறது.

முதலில் மடிப்பு. தாளுக்குள் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அதன் போக்கில் மடித்தால் படியும். குறுக்கே மடித்தால் முதுகு வெடிக்கும். பிறகு தையல். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல்துளையில் வெளியிலிருந்து உள்ளே, உள்ளேயே கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே, மறுபடி நடுவுக்கு வந்து முடிச்சு. கைக்குப் பழக மூன்று மாதம் ஆனது.

புரூஃப் பார்ப்பதுதான் கடினம். பொருளுக்கு ஒரு முறை, எழுத்துக்கு ஒரு முறை, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒரு முறை. ஒரு கவிதையின் கீழே பெயர் மட்டும் இருந்தது. மற்றவற்றில் ஊரும் இருக்கிறதே என்று, தபால் உறையைப் பார்த்து ஊரைச் சேர்த்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் அக்கா பார்த்துவிட்டார்.

“அந்த ஊர்ல அந்தப் பேர்ல எத்தன பேரு இருப்பாங்க, புள்ள?”

எனக்கு உடம்பு சில்லிட்டது. அந்தப் பெண்ணின் வீட்டை நான் பார்த்ததில்லை. என் வீட்டை எனக்குத் தெரியும்.

அக்கா திட்டவில்லை. வேலையை நிறுத்திவிட்டு ‘தி லேடர்’ கதையைச் சொன்னார். ஏணி என்று பொருள். 1956 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய லெஸ்பியன் பத்திரிகை. சைக்ளோஸ்டைலில் முதல் இதழ் 175 பிரதி. ஆசிரியர் ஃபிலிஸ் லயன், ஆன் ஃபெர்குசன் என்ற புனைபெயரில் இருந்தார். உங்கள் பெயர் எங்களிடம் பத்திரம் என்று வாசகருக்கு உறுதி சொன்னவரே தன் பெயரை மறைத்திருந்தார். அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். சில மாதங்களில், ஆன் ஃபெர்குசன் இறந்துவிட்டாள் என்று அறிவித்துத் தன் பெயரில் எழுதினார். ஆனால் 1957-இல் அதே இதழுக்குக் கடிதம் எழுதிய கறுப்பின நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி தன் முதலெழுத்துகளை மட்டும் போட்டார். இதழும் அப்படியே அச்சிட்டது. இரண்டுமே சரி என்றார் அக்கா. முடிவு எழுதியவளுடையது, புரூஃப் பார்ப்பவளுடையது அல்ல.

‘தி லேடர்’ 1972-இல் நின்றது. 1976-இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் இரண்டு பெண்கள் ‘சினிஸ்டர் விஸ்டம்’ தொடங்கினார்கள். 1981-இல் அதை ஏட்ரியன் ரிச்சும் மிஷெல் க்ளிஃப்பும் ஏற்றார்கள். கைமாறிக் கைமாறி அது இன்னும் வருகிறது. நம் நாட்டிலும், 1995-இல் மும்பையில் உருவான ஸ்த்ரீ சங்கம் 1998 முதல் ‘ஸ்க்ரிப்ட்ஸ்’ வெளியிட்டது. கொல்கத்தாவில் சாஃபோ ஃபார் ஈக்வாலிட்டி 2004 முதல் ‘ஸ்வகண்டே’ கொண்டுவந்தது. தன் குரலில் என்று அர்த்தம். கண்டம் என்றால் தொண்டை அல்லவா! அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஊர் திரும்பிய மாலை எங்கள் இசைக் கல்வெட்டின் முன் நெடுநேரம் நின்றேன். பல்லவ கிரந்த எழுத்தில் ஏழு பண்களின் சுரங்கள். வெட்டுவித்த அரசன் அதில் தன் பெயரைச் சொல்லவில்லை. தான் உருத்திராச்சாரியரின் மாணவன் என்றும், இது மாணவர் நன்மைக்காக என்றும் சொல்கிறான். அவன் யாரென்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சுரங்களோ பாறையில் அப்படியே இருக்கின்றன.

போன வாரம் அதே பெண்ணிடமிருந்து இன்னொரு கவிதை வந்தது. இம்முறை முழுப் பெயர், ஊர், தெரு எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருந்தன. போடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். மற்ற தாள்களை மடித்தாயிற்று, தையல் நிற்கிறது. பதில் வரும்வரை கவிதையின் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது.